புதினா மணக்கும் இல்லச் சோப்பு

உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி, ராம்பூர், மொராதாபாத், பதாயூன் மாவட்டங்களில் கோடைக் காலத்தில் பயணம் செய்வோர் புதினாவின் குளிர்ந்த நறுமணத்தை வழியெங்கும் உணர்வர். வயல் ஓரங்களில் அமைந்த வாலைகளில் தழை அவிக்கப்பட்டு எண்ணெய் வடிக்கப்படும் பருவம் அது. உலகச் சந்தைக்கு வரும் மெந்தால் புதினா எண்ணெயின் பெரும்பகுதியை இந்தியாவே அளிக்கின்றது. எனினும், அந்த எண்ணெயை வடிக்கும் குடும்பங்கள் அதனைக் கச்சாப் பொருளாகவே விற்றுவிடுகின்றன. பற்பசை, மிட்டாய், தைலம், சோப்பு என அது உருமாறி மதிப்புப் பெறுவது வேறிடங்களில்தான்.

இவற்றுள் பெரிய இயந்திரங்கள் இன்றி வீட்டு முற்றத்திலேயே செய்யக்கூடியது சோப்பு. அண்மைக் காலத்தில் பல மாநிலங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் கையால் செய்த சோப்பைத் தயாரித்து விற்கின்றன. 'இயற்கை நிறம்', 'இயற்கை மணம்' என்ற சொற்கள் வாங்குவோரைக் கவர்கின்றன. ஆனால் இத்தொழிலின் வெற்றி சொற்களில் இல்லை. எடை, காலம், விதி ஆகிய மூன்றையும் சரியாகப் பேணுவதில் உள்ளது. இவற்றில் ஒன்று தவறினாலும், இலையும் எண்ணெயும் எத்துணைத் தூயவையாயினும், கிடைக்கும் சோப்பு தோலுக்குக் கேடு விளைவிக்கலாம். அல்லது விற்பனைக்குத் தகுதியற்றதாகலாம்.

கிராமத் தொழிலாகச் சோப்பு

இந்தியாவில் முதல் சோப்புத் தொழிற்சாலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீரட் நகரில் தொடங்கப்பட்டது. 1916ஆம் ஆண்டு மைசூர் சமஸ்தானம் பெங்களூரில் அரசு சோப்புத் தொழிற்சாலையை நிறுவிச் சந்தன எண்ணெய்க்கு உள்நாட்டிலேயே ஒரு பயனை உண்டாக்கியது. விளைபொருளை விளைந்த இடத்திலேயே மதிப்புள்ள பண்டமாக மாற்றலாம் என்பதற்கு இது ஒரு தொடக்கக் கால எடுத்துக்காட்டு ஆகும்.

காந்தியடிகளின் முயற்சியால் 1934ஆம் ஆண்டு அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கம் தோன்றியது. 1957ஆம் ஆண்டு செயற்படத் தொடங்கிய கதர் கிராமத் தொழில்கள் ஆணையம், வேம்பு, இலுப்பை, புங்கம் போன்ற மரங்களின் விதைகளிலிருந்து கிடைக்கும் உணவுக்குப் பயன்படாத எண்ணெய்களைக் கொண்டு சோப்புச் செய்வதைக் கிராமத் தொழிலாக ஊக்குவித்தது. இல்லத்தில் செய்யும் புதினா சோப்பு இந்த மரபின் தொடர்ச்சியே.

எந்தப் புதினா?

புதினா என்ற ஒரே பெயரால் பல செடிகள் வழங்கப்படுகின்றன. சமையலுக்குப் பயன்படும் நாட்டுப் புதினாவின் மணத்துக்குக் கார்வோன் என்ற பொருளே முதன்மைக் காரணம். அதில் மெந்தால் மிகக் குறைவு. ஆகவே தோலில் குளிர்ச்சி தருவதும் குறைவு. உத்தரப் பிரதேச வயல்களில் விளைவது ஜப்பானியப் புதினா எனப்படும் மெந்தால் புதினா. இதன் எண்ணெயில் 70 முதல் 80 விழுக்காடு வரை மெந்தால் இருக்கும். பெப்பர்மின்ட் எனப்படுவது மூன்றாவது வகை. அதன் எண்ணெயில் மெந்தால் ஏறத்தாழ பாதியளவே. ஆனால் மணம் மென்மையானது.

மெந்தால் புதினா 1950களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1959இல் தோன்றி இன்று லக்னோவில் மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனமாக விளங்கும் ஆய்வு நிலையம் கோமதி, ஹிமாலயா, கோசி முதலிய மேம்பட்ட வகைகளை உருவாக்கி உழவர்களிடம் சேர்த்தது. கோதுமை, கடுகு, உருளைக்கிழங்கு ஆகிய குளிர்காலப் பயிர்களுக்குப் பின்னர், பருவமழைக்கு முன்னர், மூன்று நான்கு மாதங்களில் பணம் தரும் பயிராக இது பரவியது.

சோப்புச் செய்வோர் அறிய வேண்டுவது இதுதான்: வீட்டுத் தோட்டத்துப் புதினா இலையை அரைத்துச் சேர்ப்பதால் மட்டும் சோப்பில் மணமோ குளிர்ச்சியோ நிலைக்காது. மணம் தருவது வாலையில் வடித்த எண்ணெய். இலைப் பொடி தருவது தோற்றமும் இலேசான உரசலுமே.

எண்ணெய் சோப்பாவது எவ்வாறு?

சோப்புக்கு அடிப்படையாகும் தேங்காய், கடலை போன்ற எண்ணெய்கள் கொழுப்பு அமிலங்கள் கிளிசரினுடன் இணைந்த சேர்மங்களே. அவற்றுடன் காஸ்டிக் சோடா எனப்படும் எரிசோடாவின் கரைசல் சேரும்போது இந்த இணைப்பு அறுபடுகின்றது. கொழுப்பு அமிலம் சோடியத்துடன் சேர்ந்து சோப்பாகின்றது. கிளிசரின் தனியே பிரிகின்றது. 1 கிலோ எண்ணெயிலிருந்து ஏறத்தாழ 100 கிராம் கிளிசரின் உண்டாகும். பெரிய தொழிற்சாலைகள் அதனைப் பிரித்தெடுத்து வேறு பயன்களுக்கு விற்கின்றன. இல்ல முறையில் அது சோப்பிலேயே தங்கி, தோலின் ஈரத்தைக் காக்க உதவுகின்றது. கையால் செய்த சோப்பின் உண்மையான சிறப்பு இதுவேயாகும்.

எரிசோடா இல்லாமல் சோப்பு இல்லை. 'இரசாயனம் அற்ற சோப்பு' என்ற விளம்பரம் உண்மைக்குப் புறம்பானது. சரியான அளவில் சேர்க்கப்பட்ட எரிசோடா முழுவதும் வினையில் செலவாகிவிடும் என்பதும், முதிர்ந்த சோப்பில் எரிசோடாவாக எஞ்சாது என்பதுமே உண்மை.

ஆனால் 'சரியான அளவு' எண்ணெய்க்கு எண்ணெய் மாறுபடும். 1 கிலோ தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 183 கிராம் எரிசோடா தேவை. கடலை எண்ணெய்க்குச் சுமார் 136 கிராமும், விளக்கெண்ணெய்க்குச் சுமார் 128 கிராமும் போதும். தேங்காய் எண்ணெய்க்கு எழுதிய கணக்கைக் கடலை எண்ணெய்க்குப் பயன்படுத்தினால் எரிசோடா மிஞ்சித் தோலை அரிக்கும். எனவே படியாலோ குவளையாலோ அளத்தல் கூடாது. ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு இத்தொழிலின் முதற்கருவி.

அளவுகள்

தேங்காய் எண்ணெய் 500 கிராம், கடலை எண்ணெய் 400 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம் என மொத்தம் 1 கிலோ எண்ணெய் எடுத்துக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெய் கடினத்தையும் நுரையையும், கடலை எண்ணெய் மென்மையையும், விளக்கெண்ணெய் நுரையின் நிலைப்பையும் தரும்.

மேற்கண்ட கணக்குப்படி முழு வினைக்கு வேண்டும் எரிசோடா ஏறத்தாழ 159 கிராம். ஆனால் 150 கிராம் மட்டுமே சேர்த்தல் வேண்டும். இதனால் எண்ணெயில் சுமார் ஐந்து விழுக்காடு சோப்பாக மாறாமல் எஞ்சித் தோலுக்கு மென்மை தரும். எடையில் நேரும் சிறு பிழைகளுக்கும் அது பாதுகாப்பாகும். தண்ணீர் 320 கிராம். உப்புச் சத்து மிகுந்த கிணற்று நீரைத் தவிர்த்து, காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துதல் நன்று. புதினா எண்ணெய் 15 கிராம். நிழலில் உலர்த்தி, சலித்த புதினா இலைப் பொடி 10 கிராம்.

பாதுகாப்பு

செய்முறைக்கு முன் பாதுகாப்பைக் கூற வேண்டியது கட்டாயமாகும். எரிசோடா தோலையும் கண்ணையும் கடுமையாகப் புண்படுத்தும். விழுங்கினால் உணவுக் குழாயை அரித்துவிடும். கண்ணாடி, இரப்பர்க் கையுறை, முழுக்கை உடை ஆகியவை இன்றி அதனைத் தொடுதல் கூடாது. காற்றோட்டமுள்ள இடத்தில், குழந்தைகளும் கால்நடைகளும் அணுகாதவாறு வேலை செய்தல் வேண்டும்.

எரிசோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்க வேண்டும். எரிசோடாவின் மீது தண்ணீரை ஊற்றினால் கரைசல் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் அறவே ஆகாது; எரிசோடா அதனை அரித்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளிப்படுத்தும். துருப்பிடிக்காத எஃகு அல்லது வெப்பம் தாங்கும் கெட்டிப் பிளாஸ்டிக் பாத்திரங்களே ஏற்றவை. அவற்றைப் பின்னர்ச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது.

மேலே தெறித்தால் உடனே ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடங்கள் கழுவுதல் வேண்டும். வினிகர் ஊற்றி நேரத்தை வீணாக்குதல் தவறு. கண்ணில் பட்டால் கழுவியவாறே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். எரிசோடாவைக் குடிநீர்ப் புட்டியிலோ உணவு டப்பாவிலோ வைத்தல் ஒருபோதும் கூடாது. பெயர் எழுதிய கலத்தில், பூட்டிய அலமாரியில் வைத்தல் வேண்டும்.

செய்முறை

எரிசோடாவைத் தண்ணீரில் கரைத்தவுடன் கரைசலின் வெப்பம் 80 பாகை செல்சியசையும் தாண்டக்கூடும். அதனை மூடி, 40 பாகை அளவுக்கு ஆறவிடுதல் வேண்டும். எண்ணெய்க் கலவையையும் ஏறத்தாழ அதே வெப்பத்துக்குக் கொண்டுவர வேண்டும். பின்னர்க் கரைசலை எண்ணெயில் மெல்லிய தாரையாக ஊற்றிக் கலக்க வேண்டும். கையால் கலக்கினால் அரை மணிக்கு மேலும் ஆகலாம். மின்கலக்கியால் சில நிமிடங்கள் போதும். கலவை மோர்க்குழம்பைப் போலக் கெட்டியாகி, கரண்டியிலிருந்து சொட்டுவது மேற்பரப்பில் கோடாகச் சற்று நேரம் தங்குமாயின், பதம் வந்துவிட்டது எனக் கொள்ளலாம். இந்நிலையில்தான் புதினா எண்ணெயையும் இலைப் பொடியையும் சேர்த்தல் வேண்டும். முன்னரே சேர்த்தால் வெப்பத்தில் மணம் வீணாகும்.

தாள் விரித்த மர அச்சில் ஊற்றி மூடி ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை வைத்தபின், கையுறையுடன் எடுத்துக் கட்டிகளாக வெட்டலாம். வெட்டிய கட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல், வெயில் படாத காற்றோட்டமான பலகைகளில் நான்கு முதல் ஆறு வாரங்கள் முதிரவிட வேண்டும்.

முதிரவிடுதல் வெறும் காத்திருப்பு அன்று. அச்சில் ஊற்றும்போது கலவையின் எடை ஏறத்தாழ 1,500 கிராம். அதில் கொழுப்பு அமிலத்தின் பங்கு சுமார் 940 கிராம். அதாவது 63 விழுக்காடு. நீர் வற்றி எடை 1,300 கிராம் ஆகும்போது அதே பங்கு 72 விழுக்காடாக உயர்கின்றது. குளியல் சோப்புக்கான இந்தியத் தரக்குறியீடு, மொத்தக் கொழுப்புப் பொருள் 76 விழுக்காட்டுக்குக் குறையாதிருப்பின் முதல் தரம், 70 விழுக்காடு இரண்டாம் தரம், 60 விழுக்காடு மூன்றாம் தரம் என வகுக்கின்றது. ஆகவே உலராத சோப்பை விற்பவர் தண்ணீரையே எடைபோட்டு விற்கின்றார். காத்திருப்பவர் ஒரு தரம் உயர்ந்த பொருளை விற்கின்றார்.

பச்சை நிறம் ஏன் நிலைப்பதில்லை?

புதினா சோப்பு பச்சையாக இருக்க வேண்டும் என்பது வாங்குவோரின் எதிர்பார்ப்பு. புதினா இலையின் சாற்றைத் தண்ணீருக்குப் பதிலாகச் சேர்த்தால் பச்சை கிடைக்கும் எனப் பலர் எண்ணுகின்றனர். ஆனால் எரிசோடா பட்டதும் அச்சாற்றில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் கருத்துப் பழுப்பாகின்றன. இலைப் பொடியின் பச்சையம் தொடக்கத்தில் நிறம் காட்டினும், ஒளி படப்பட வெளுத்துச் சில வாரங்களில் காவிப் பழுப்பாக மாறும். வேப்பிலை, முருங்கையிலைப் பொடிகளுக்கும் இதே கதிதான். இது சோப்பு கெட்டதன் அடையாளம் அன்று. எனினும் கடையில் வாங்குவோர் அதனைக் குறையாகவே கொள்வர்.

நிலைத்த பச்சையை நேராகப் பெறாமல் நீலத்தையும் மஞ்சளையும் கலந்து பெறலாம். அவுரியிலிருந்து கிடைக்கும் நீலம் காரத்தில் எளிதில் சிதைவதில்லை. சாப்பிரா விதையை எண்ணெயில் ஊறவைத்து வடிகட்டினால் ஆழ்ந்த மஞ்சள் கிடைக்கும். இரண்டையும் சிறு அளவில் சேர்க்க, இலைப் பொடியின் பச்சையைக் காட்டிலும் நீண்ட நாள் நிற்கும் பச்சை உண்டாகும். மஞ்சள் தூள் காரம் பட்டவுடன் சிவந்து, பின்னர்ப் பழுத்த மஞ்சளாக மாறும். ஒளியில் அதுவும் மங்கும். நிறமுள்ள களிமண் வகைகள் மங்கிய தோற்றமுடையவை எனினும் மாறாதவை.

எதைச் சேர்த்தாலும் முதலில் சிறு அளவில் செய்து, ஒரு கட்டியை வெளிச்சத்திலும் மற்றொன்றை இருட்டிலும் ஆறு வாரம் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். பச்சைச் சாயப் பொடியைச் சேர்த்துவிட்டு 'இயற்கை' என்று எழுதுவதைக் காட்டிலும், 'இலையின் நிறம் நாளடைவில் மாறும்' என்று உறையில் எழுதுவது நேர்மையானது.

மணத்தைப் பொறுத்தவரை புதினா நம்பத்தக்கது. மெந்தால் காரத்தில் சிதைவதில்லை. முதிரும் காலத்தில் ஓரளவு ஆவியாகும், அவ்வளவே. அதற்காக அளவைக் கூட்டுதல் ஆகாது. மிகுதியான மெந்தால் கண்ணையும் மென்மையான தோலையும் உறுத்தும். கைக்குழந்தைகளுக்கு மெந்தாலின் ஆவி மூச்சுத் திணறலை உண்டாக்கக்கூடும். ஆதலின் புதினா சோப்பைக் குழந்தைகளுக்குப் பயன்படுத்தலாகாது என்று உறையிலேயே குறித்தல் நலம்.

விற்பனைக்குரிய விதிகள்

சொந்தப் பயனுக்குச் செய்யும்வரை தடை ஏதுமில்லை. விற்பனைக்கு வரும்போது குளியல் சோப்பு சட்டப்படி ஓர் அழகுப் பொருள். 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டமும் 2020ஆம் ஆண்டின் அழகுப் பொருள்கள் விதிகளும் அதற்குப் பொருந்தும். மாநில உரிமம் வழங்கும் அதிகாரியிடம் தயாரிப்பு உரிமம் பெறுதல் வேண்டும். 'தோல் நோயைத் தீர்க்கும்' என்று எழுதினால் அதே கட்டி மருந்து எனக் கருதப்பட்டு வேறு விதிகளுக்கு உட்படும். நிகர எடை, தயாரித்த மாதம், விலை, தயாரிப்பாளர் முகவரி முதலியவற்றை உறையில் அச்சிடுதல் கட்டாயம்.

பல குழுக்கள் இந்த உரிமத்தைப் பற்றி அறியாமலே விற்பனையில் இறங்குகின்றன. பயிற்சி அளிக்கும் அலுவலர்கள் செய்முறையோடு நிறுத்தாமல், உரிமம் பெறும் வழியையும் கற்பிப்பது அவசியம். ஒரு குழுவுக்கு இயலாதது, பல குழுக்கள் சேர்ந்த கூட்டமைப்பு ஒன்று பொதுக் கூடம் அமைத்து உரிமம் பெறும்போது எளிதாகும். கன்னோஜ் நகரில் 1991இல் நிறுவப்பட்ட நறுமணம், சுவை மேம்பாட்டு மையம் இத்துறையில் பயிற்சி தருகின்றது. 2008 முதல் நடைபெறும் பிரதம மந்திரியின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தின் கீழ்ச் சிறு தொழில்களுக்குக் கடனுடன் மானியமும் கிடைக்கின்றது.

ஊதியத்தின் கணக்கு

மேற்கண்ட அளவில் ஒரு முறை செய்தால் 100 கிராம் எடையுள்ள 13 கட்டிகள் கிடைக்கும். அதற்குச் செலவாகும் புதினா எண்ணெய் 15 கிராம். எனவே 1 கிலோ புதினா எண்ணெய் 850க்கும் மேற்பட்ட கட்டிகளுக்குப் போதும். கட்டியின் அடக்கவிலையில் புதினாவின் பங்கு சிறிது; எண்ணெய், உறை, உழைப்பு ஆகியவற்றின் பங்கே பெரிது. அதே வேளையில் வாங்குவோர் நாடி வருவது அந்தச் சிறு பங்குக்காகத்தான்.

இந்தக் கணக்கு ஒரு எச்சரிக்கையும் தருகின்றது. ஒரு ஹெக்டேரில் 100 கிலோ எண்ணெய் கிடைப்பதாகக் கொண்டால், அதனை முழுவதும் சோப்பில் செலவிட 85,000க்கும் மேற்பட்ட கட்டிகள் செய்ய வேண்டும். ஆகவே இல்லச் சோப்புத் தொழில் புதினா உழவரின் சந்தைச் சிக்கலைத் தீர்த்துவிடும் என்று எதிர்பார்த்தல் தவறு. அவரது விலை உலகச் சந்தையைப் பொறுத்தது. அச்சந்தையில் ஆலைகளில் செய்யப்படும் செயற்கை மெந்தால் வலுவான போட்டியாக உள்ளது. ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் 2012இல் லூத்விக்ஷாஃபன் நகரில் பெரும் மெந்தால் ஆலையைத் தொடங்கியது. அதற்கும் முன்பிருந்தே ஜப்பானின் தகசாகோ நிறுவனம் செயற்கை மெந்தால் செய்துவருகின்றது. புதினாவுக்கு வேண்டிய மிகுதியான பாசன நீரும் ஒரு கவலையாகும்.

சோப்புத் தொழில் செய்யக்கூடியது வேறு. வாலை வடிக்கும் பருவம் முடிந்த பின்னரும் ஆண்டு முழுவதும் மகளிருக்கு வேலை தரும். சில கிலோ எண்ணெயை வீட்டிலேயே இருத்திக்கொண்டு, அதன் மதிப்பைப் பன்மடங்காக்கும். இத்தொழிலுக்கு வேண்டியது பெரும் முதலீடு அன்று. ஒரு தராசும், ஒரு கையேடும், ஆறு வாரப் பொறுமையுமே. எரிசோடாவை எடையறிந்து கையாளவும், நிறம் மாறுமெனில் மாறும் என்று எழுதவும், உரிமம் பெற்று விற்கவும் கற்ற ஒரு குழு, சோப்பைப் போலவே வேறு எந்தப் பொருளையும் நம்பிக்கையுடன் சந்தைக்குக் கொண்டுசெல்லும் ஆற்றலைப் பெறுகின்றது. கிராமத் தொழில்களின் வளர்ச்சிக்கு அடித்தளம் அமைவது அத்தகைய ஆற்றலால்தான்.